சஞ்சிகை முகப்பு: அதன் உறுப்புகளும் கலைச்சொற்களும்

நூலொன்றினுள்ளே புகுமுன் அந்நூலைப் பற்றி அறியவேண்டியனவற்றைத் தொகுத்துக் கூறும் உறுப்பினை நம் இலக்கண ஆசிரியர் பாயிரம் என்றனர். சிறப்புப் பாயிரத்திலே அமைய வேண்டியவை எனப் பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்தவை எட்டு. ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவை. இவற்றோடு காலம், களம், காரணம் என்னும் மூன்றனையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உளர்.

இக்காலத்துச் சஞ்சிகையொன்றின் முன்னட்டையை எடுத்து இப்பட்டியலோடு ஒப்பிட்டு நோக்குவார்க்கு வியப்பானதோர் உண்மை புலப்படும். பெரிய எழுத்திலே பொறிக்கப்பட்டிருப்பது நூற்பெயர். பக்கவாட்டிலே சிறு சிறு தொடர்களாக நிற்பவை நுதலிய பொருள். மாதமும் ஆண்டும் காலத்தைக் குறிப்பன. நடுவே நின்று நம்மை நோக்கும் முகம், இவ்விதழ் யாருக்கென எழுதப்பட்டது என்பதை உணர்த்துதலின், கேட்போர் என்னும் உறுப்பின்பாற்படும். பெயரின் கீழே ஒரு வரியிற் காணப்படும் முழக்கம் பயனைக் கூறுவது. பாயிரம் செய்யுளாற் கூறியதை முகப்பு எழுத்தாலும் படத்தாலும் வண்ணத்தாலும் கூறுகின்றது. வேறுபாடு அவ்வளவே.

எனினும் நம்மிற் பெரும்பாலோர் முகப்பினைப் பார்ப்பவரேயன்றிப் படிப்பவரல்லர். தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் என்னும் பாடத்தைப் பயிலும் மாணவர் சிலர் அதன் உறுப்புகளின் ஆங்கிலப் பெயர்களை மனனஞ்செய்து ஒப்புவிப்பர். ஆயின், அவ்வுறுப்பு அவ்விடத்தில் ஏன் நிற்கின்றது என வினவின் விடை கூறத் தயங்குவர். ஆதலின் முகப்பின் உறுப்புகள் யாவை, அவற்றிற்கு வழங்கும் பெயர்கள் யாவை, ஒவ்வோர் உறுப்பும் ஆற்றும் தொழில் யாது, அத்தொழிலிலே வாய்மை பிழைக்குமிடம் எது என்பனவற்றை இயன்றவரை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முகப்புத் தோன்றிய வரலாறு

சஞ்சிகையைக் குறிக்கும் 'மகசீன்' என்னும் ஆங்கிலச் சொல், களஞ்சியம் எனப் பொருள்படும் அரபுச் சொல்லொன்றின் வழிவந்தது. அச்சொல்லைப் பருவ வெளியீடொன்றுக்குப் பெயராக முதன்முதல் வழங்கியவர் எட்வேட் கேவ் என்பவர். 1731-ஆம் ஆண்டிலே இலண்டனில் அவர் தொடங்கிய 'ஜென்டில்மன்ஸ் மகசீன்' தன் முதற்பக்கத்தில், தான் அச்சிடப்பட்ட இடமாகிய செயின்ட் ஜோன் வாயிலின் உருவத்தைத் தாங்கி வந்தது. அது கடையிலே கண்ணைக் கவரும் பொருட்டு வரையப்பட்ட படமன்று. 'இவ்விடத்திலிருந்து வருகின்றேன்' என்று முகவரி கூறும் முத்திரையே. பாயிர உறுப்புகளுள் களம் எனப்பட்டது அதுவாம்.

பின்னும் நெடுங்காலம் முகப்பு மாறாததாகவே இருந்தது. 1841-இல் தோன்றிய 'பஞ்ச்' என்னும் நகைச்சுவை ஏட்டுக்கு ரிச்சட் டொயில் 1849-இல் வரைந்த முகப்பு, 1956 வரை நூறாண்டுக்கும் மேலாக வழங்கிற்று. வாரந்தோறும் ஒரே முகப்பு வரின் வாசகர் சலிப்படையாரோ எனின், அக்காலத்து வாசகர் பெரும்பாலும் சந்தாக்காரர். இதழ் அவர் வீட்டைத் தேடி வந்தது. ஆதலின் முகப்புக்கு அவரை அழைக்கவேண்டிய கடமை இருந்திலது.

அக்கடமை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஏற்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் 'மன்சீஸ் மகசீன்' 1893-இல் தன் விலையை 25 சதத்திலிருந்து 10 சதமாகக் குறைத்தது. விற்பனை பெருகவே விளம்பர வருவாயும் பெருகிற்று. இதழின் விலையாலன்றி விளம்பரத்தாலே பொருளீட்டும் முறை இங்ஙனம் வலுப்பெற்றது. விளம்பரகாரர் வேண்டுவது வாசகர் தொகை. அத்தொகையைப் பெருக்குதற்கு வழிப்போக்கரையும் ஈர்த்தல் வேண்டும். அடுத்த ஆண்டாகிய 1894-இல், சிக்காகோவிலிருந்து வெளிவந்த 'இன்லன்ட் பிரின்டர்' என்னும் அச்சுத்தொழில் ஏட்டுக்கு வில் பிராட்லி என்னும் ஓவியர் இதழுக்கு இதழ் வேறுபட்ட முகப்புகளை வரைந்தளித்தார். முகப்பை மாற்றும் வழக்கத்தை அமெரிக்காவிலே தொடக்கிவைத்தவற்றுள் அதுவும் ஒன்று. அன்றுதொட்டு முகப்பு இரண்டு கடமைகளை ஒருங்கே தாங்கலாயிற்று. ஒன்று, 'நான் அதே இதழ்' எனத் தன்னை அடையாளங்காட்டுதல். மற்றொன்று, 'இம்முறை நான் புதியவன்' என அழைத்தல். முகப்பு அமைப்பின் விதிகள் யாவும் இவ்விரு கடமைகளின் இழுபறியிலிருந்தே தோன்றியவை என்று கொள்ளின், கலைச்சொற்களைத் தனித்தனியே மனனஞ்செய்ய வேண்டுவதில்லை.

பெயர்ப்பட்டமும் அதனைச் சூழ்ந்தனவும்

மாறாதிருக்கும் உறுப்புகளுள் தலையாயது இதழின் பெயர். குறித்ததொரு வடிவிலே பொறிக்கப்படும் இப்பெயரைப் பெயர்ப்பட்டம் எனலாம். பிரித்தானியர் இதனை 'மாஸ்ட்ஹெட்' என்பர். கப்பலின் பாய்மர உச்சி என்பது அதன் நேர்ப்பொருள். தொலைவிலே வரும் கப்பலை அதன் உச்சியிற் பறக்கும் கொடியால் அறிவதுபோல இதழையும் இதனால் அறிகின்றோம். ஈண்டு மாணவர் மயங்குமிடம் ஒன்றுண்டு. அமெரிக்க வழக்கிலே 'மாஸ்ட்ஹெட்' என்பது ஆசிரியர், வெளியீட்டாளர், முகவரி முதலிய விபரங்களைத் தாங்கி உட்பக்கத்தில் வரும் பட்டியலைக் குறிக்கும். முகப்பிலுள்ள பெயரை அவர்கள் 'நேம்பிளேட்' என்றும் 'ஃபிளாக்' என்றும் வழங்குவர். ஒரு சொல் இரு நாட்டிலே இரு பொருள் தருதலின், நூல்களைப் படிக்கும்போது அந்நூல் எந்நாட்டது என்பதை முதலில் நோக்குதல் நன்று.

பெயர்ப்பட்டம் பெரும்பாலும் பக்கத்தின் உச்சியிலே நிற்பதற்குக் காரணம் அழகன்று, அலுமாரியே. கடைத்தட்டுகளில் இதழ்கள் ஒன்றன்பின் ஒன்றாய் அடுக்கப்படும்பொழுது மேற்பகுதி மட்டுமே வெளியே தெரியும். பக்கவாட்டில் ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து அடுக்கின் இடப்பக்கத்து ஓரமே தெரியும். இதுபற்றியே முகப்பின் இடப்புற மூன்றிலொரு பங்கினை 'இடது மூன்றிலொன்று' எனத் தொழிலாளர் சிறப்பித்துக் கூறி, முதன்மையான தலைப்புகளையும் பெயரின் முதலெழுத்துகளையும் அங்கே அமையச் செய்வர். ஆயின் இஃது உலகப் பொதுவிதியன்று. வலமிருந்து இடமாக எழுதப்படும் அரபு மொழியின் இதழ்களும், மேலிருந்து கீழாக எழுதி வலப்புறத்திலிருந்து நிரல்களைத் தொடங்கும் யப்பானிய இதழ்களும் வலப்பக்கத்தில் முதுகு கொண்டவை. நமக்குப் பின்னட்டையாய்த் தோன்றுவது அவர்களுக்கு முன்னட்டை. ஆகவே விதியைக் கற்பவர் அதன் காரணத்தையும் கற்றாலன்றி அதனைப் பிறமொழிக்குப் பொருத்தல் இயலாது.

பெயரின் நீளமும் நோக்கத்தக்கது. பக்கத்தின் அகலம் ஒன்றேயாதலின், பெயர் சுருங்கச் சுருங்க எழுத்துப் பெருக்கும். ஆங்கிலத்தில் 'டைம்', 'லைஃப்', 'வோக்' என்பன நான்கு நான்கு எழுத்துகளே. 1936 நவம்பர் 23-இல் புகைப்பட வார இதழாக வெளிவரத் தொடங்கிய 'லைஃப்', செந்நிறச் சதுக்கத்தில் வெண்ணிறமான நான்கு எழுத்துகளை மட்டும் மூலையிற் பொறித்து, எஞ்சிய இடமனைத்தையும் மாகரட் பூர்க்-வைற் எடுத்த ஃபோட் பெக் அணைக்கட்டின் ஒளிப்படத்துக்கு விட்டுக்கொடுத்தது. தமிழிலே 'கல்கி' மூன்றெழுத்து, 'மல்லிகை' நான்கு, 'ஆனந்த விகடன்' எட்டு. எழுத்தெண்ணிக்கை மட்டுமன்று, எழுத்தின் வடிவும் வேறுபடும். ஆங்கிலப் பேரெழுத்துகள் ஒரே உயரத்தன. எனவே சுவர்போல் ஒழுங்காக நிற்கும். தமிழெழுத்தோ மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகரச் சுழியும் கொண்டு மேலுங்கீழும் நீள்வது. அதனால் தமிழ்ப் பெயர்ப்பட்டத்தை வரைபவர் அவற்றிற்கென மேலும் கீழும் இடம் ஒதுக்குதல் வேண்டும். ஆங்கில இதழின் அமைப்பை அவ்வாறே பெயர்த்தமைத்த தமிழ் முகப்புகளிலே புள்ளி வெட்டுண்டு போவதும் சுழி படத்தில் மறைவதும் இக்காரணத்தாலேதான்.

பெயர்ப்பட்டத்தைச் சூழ்ந்து நிற்கும் சிற்றுறுப்புகள் சில. பெயருக்கும் மேலே, பக்கத்தின் உச்சியில் ஓடும் வரி 'ஸ்கைலைன்' எனப்படும். இதனை வான்வரி எனலாம். பெயருக்குக் கீழே இதழின் கொள்கையையோ தகுதியையோ சுருங்கக் கூறும் வரி முழக்கவரி. மாதம், ஆண்டு, மலர் எண், இதழ் எண், விலை ஆகியவற்றைத் தாங்குவது நாள்வரி. வட்டத்துள்ளோ விண்மீன் வடிவத்துள்ளோ 'இலவச இணைப்பு', 'சிறப்பிதழ்' என விளம்பும் குமிழினை ஆங்கிலத்தார் 'பஃப்' என்பர். தன்னைத் தான் புகழ்தல் புலவனுக்குத் தகாதென விலக்கிய நம் இலக்கணகாரர், சிறப்புப் பாயிரத்தை நூலாசிரியன் பாடாது அவன் ஆசிரியனோ உடன்கற்றோனோ மாணாக்கனோ உரைகாரனோ பாடவேண்டும் என்றனர். சஞ்சிகையிலும் கட்டுரையாளர் முகப்பை அமைப்பதில்லை. ஓவிய ஆசிரியரும் இதழாசிரியரும் அமைக்கின்றனர். ஆயினும் தற்புகழ்ச்சிக்கு மாத்திரம் விலக்கில்லை. அதற்கென்றே ஒரு குமிழையும் இன்றைய முகப்பு வைத்துக்கொண்டது.

முகப்பின் மூலையிற் காணப்படும் பட்டைக்குறியைப் பலர் பொருட்படுத்துவதில்லை. பருவ வெளியீடுகளுக்கென உலகளாவிய எட்டிலக்க எண்ணொன்று உண்டு. அதன் நியமம் 1975-இல் வெளியிடப்பட்டது. அவ்வெட்டில் இறுதியானது சரிபார்க்கும் இலக்கம். முதல் ஏழு இலக்கங்களை முறையே 8, 7, 6, 5, 4, 3, 2 என்பவற்றாற் பெருக்கிக் கூட்டி, வரும் தொகையை 11-ஆல் வகுத்து, மீதியை 11-இலிருந்து கழிக்க அவ்விலக்கம் வரும். சான்றாக, 0378-595 எனத் தொடங்கும் எண்ணுக்குக் கூட்டுத்தொகை 160. அதனை 11-ஆல் வகுக்க மீதி 6. 11-இல் 6 போக 5. ஆகவே முழு எண் 0378-5955. பட்டைக்குறியிலே இவ்வெண்ணின் முதல் ஏழு இலக்கங்கள், பருவ வெளியீட்டைக் குறிக்கும் 977 என்னும் முன்னொட்டின் பின் வரும். பக்கத்தே தனித்து நிற்கும் சிறு பட்டை இதழ் எண்ணைக் குறிப்பது. கணித மாணவர் தம் வீட்டிலுள்ள சஞ்சிகையை எடுத்து இதனைச் சோதித்துப் பார்க்கலாம்.

படமும் வாசகமும்

மாறும் உறுப்புகளுள் முதன்மையானது மையப்படம். முகப்பின் முதல் அழைப்பு அதுவே. 'வோக்' இதழ் 1932 யூலையில் எட்வேட் ஸ்டைக்கன் எடுத்த வண்ண ஒளிப்படத்தைத் தன் முகப்பில் வெளியிட்டது. அதுகாறும் ஓவியங்களையே பெரும்பான்மையாகத் தாங்கிய அவ்விதழில் வண்ண ஒளிப்படம் முகப்பானது அதுவே முதன்முறை. பின்னர், உருவங்கள் படிப்போரை நேர் நோக்கும் வழக்கம் வலுப்பெற்றது. முகப்பிலுள்ள கண்கள் நம் கண்களைச் சந்திப்பதை 'நேர்விளிப்பு' எனலாம். இலக்கணத்திலே முன்னிலை எவ்வாறோ படத்திலே இந்நோக்கு அவ்வாறு. பக்கவாட்டில் நோக்கும் முகமோ படர்க்கை போன்றது. அதனை நாம் அயலில் நின்று காண்கின்றோம்.

படம் பெயர்ப்பட்டத்தின் ஒரு பகுதியை மறைக்குமாறு அமைத்தலும் உண்டு. நடிகரொருவரின் தலை பெயரெழுத்தொன்றை மறைத்து நிற்பதைக் கண்டிருப்போம். பெயர் முழுதும் தெரியாதபோதும் வாசகர் அறிந்துகொள்வர் என்னும் துணிவு பழகிய இதழுக்கே உரியது. புதிய இதழ் அவ்வாறு செய்தல் கூடாது. இம்முறையைப் பொருளாழத்துடன் கையாண்ட முகப்பொன்று 'நியூயோர்க்கர்' இதழினது. 2001 செப்டெம்பர் 24 திகதியிட்ட அவ்விதழின் முகப்பில், ஆட் ஸ்பீகல்மனும் பிரான்ஸ்வா மூலியும் கருமையின்மேற் கருமையாக இரட்டைக் கோபுரங்களைத் தீட்டினர். ஒரு கோபுரத்தின் அலைவாங்கிக் கம்பம் பெயரிலுள்ள ஓர் எழுத்தினை ஊடறுத்து நின்றது. மறைத்தல் அலங்காரமாகாது துயரமாகியது.

படத்தை அடுத்து வருவன அட்டைத் தலைப்புகள். ஆங்கிலத்தில் 'கவர்லைன்' என்பர். அவற்றுள் எழுத்தால் மிகப் பெரியது தலைமைத் தலைப்பு. அது மையப்படத்தோடு பொருந்தி நிற்றல் வேண்டும். ஏனையவை துணைத் தலைப்புகள். மூவகை எழுத்தளவுக்கு மேற்படின் கண் எதனையும் முதன்மையாகக் கொள்ளாது அலையும் என்பது அமைப்பாளர் கண்ட அனுபவம். படமே இன்றித் தலைப்பு மட்டும் நின்றும் வென்றதுண்டு. 'டைம்' இதழ் 1966 ஏப்பிரில் 8-இல், கருநிலத்திலே செவ்வெழுத்தில், கடவுள் இறந்துவிட்டாரா என்னும் ஒரு வினாவை மாத்திரம் வெளியிட்டது. அவ்விதழின் வரலாற்றிலே படமின்றி எழுத்தே முகப்பானது அதுவே முதன்முறை.

வண்ணமும் அடையாளமாதல் கூடும். 'டைம்' 1927 முதல் செந்நிறக் கரையினையும், 'நஷனல் ஜியோகிரபிக்' 1910 முதல் மஞ்சட் கரையினையும் தமக்குரியனவாகக் கொண்டன. மாறாத கரை மாறும்பொழுது அம்மாற்றமே செய்தியாகும். 2001 செப்டெம்பர்த் தாக்குதலை அடுத்து வந்த 'டைம்' சிறப்பிதழின் கரை கறுப்பாயிற்று. 2008 ஏப்பிரிலிற் சுற்றாடல் பற்றிய இதழில் அது பச்சையாயிற்று. நாடோறும் வெள்ளை உடுப்பவர் ஒருநாட் கறுப்பு உடுத்தால் ஊரார் வினவுவதுபோல வாசகரும் வினவினர். வழக்கத்தை நெடுங்காலம் காத்தவருக்கே அதனை மீறும்போது பொருளுண்டு என்பது இதனாற் பெறப்படும்.

அச்சகத்தார் சொற்கள்

கடதாசி, மை, கத்தி ஆகியவற்றோடு பழகும் அச்சகத்தார்க்கும் சில சொற்கள் உள. முன்னட்டை முதலாம் அட்டை; அதன் உட்புறம் இரண்டாம் அட்டை; பின்னட்டையின் உட்புறம் மூன்றாம் அட்டை; பின்னட்டை நான்காம் அட்டை. விளம்பரக் கட்டணத்தைப் பேசும்போது இவ்வெண்களே வழங்கும். படம் கடதாசியின் விளிம்புவரை செல்லுமாயின் அதனை 'பிளீட்' என்பர். வெட்டுங் கத்தி மயிரிழை விலகினும் வெள்ளைக் கோடு தெரியுமாதலின், நாற்புறமும் 3 மில்லிமீற்றர் மிகையாகப் படத்தை நீட்டுதல் வேண்டும். 210-க்கு 297 மில்லிமீற்றரான ஏ4 தாளுக்கு முகப்பு 216-க்கு 303 ஆக அமைக்கப்படல் இதனாலேதான். அவ்வாறே எழுத்துகளை விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி வைத்தலும் வேண்டும்.

ஒளிப்படத்தின் நுண்மையும் கருதத்தக்கது. நல்ல அச்சுக்கு ஓரங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்பது வழக்கம். ஏ4 முகப்பு முழுவதையும் நிரப்பும் படத்துக்கு அக்கணக்கின்படி 2480-க்கு 3508 புள்ளிகள் தேவை. கைத்தொலைபேசித் திரையிலே தெளிவாகத் தோன்றும் படம், செய்திச் செயலிகளினூடாகச் சுருங்கி வந்தபின் அச்சிலே மங்குதற்குக் காரணம் இதுவே.

கம்பி தைத்த இதழுக்கு முதுகு இல்லை. பசையொட்டிக் கட்டிய இதழுக்கே முதுகுண்டு. அதன் தடிப்பை முன்னரே கணக்கிடலாம். 160 பக்கம் என்பது 80 தாள். தாளொன்றின் தடிப்பு 0.1 மில்லிமீற்றராயின் முதுகு 8 மில்லிமீற்றர். இக்கணக்குப் பிழைத்தால் முதுகிலுள்ள பெயர் முன்னட்டைக்கு வழுவும். நூலகத்திலே முதுகு மட்டுமே வெளித்தெரிவதால் முதுகெழுத்தும் முகப்பின் ஓர் உறுப்பேயாம்.

முகப்பும் வாய்மையும்

இதுகாறும் கூறியவை அமைப்பு. இனிக் கூறுவது அறம். முகப்பு ஒரு வாக்குறுதி. உள்ளே இது உண்டு என்று அது உறுதி கூறுகின்றது. அவ்வுறுதி பிழைக்கும் வழிகள் மூன்று.

முதலாவது, படத்தை மாற்றுதல். 1982 பெப்ரவரி 'நஷனல் ஜியோகிரபிக்' இதழின் முகப்பிற் கீசாவின் பிரமிட்டுகள் வெளிவந்தன. மூலப்படம் கிடையானது, முகப்போ நிலைக்குத்தானது. சட்டத்துள் அடங்கும் பொருட்டுக் கணினியின் உதவியால் ஒரு பிரமிட்டு மற்றையதன் அருகே நகர்த்தப்பட்டது. நாலாயிரத்தைந்நூறு ஆண்டு அசையாது நின்ற கற்குன்று அட்டையின் அளவுக்காக அசைந்தது. அம்முகப்பு பலத்த கண்டனத்துக்குள்ளாகி, இன்றும் பத்திரிகையியல் வகுப்புகளிற் சான்றாகக் காட்டப்படுகின்றது.

அதனினும் கொடிது மனிதர் முகத்தை மாற்றுதல். கொலைக் குற்றஞ்சாட்டப்பட்ட விளையாட்டு வீரர் ஓ. ஜே. சிம்சனின் பொலிஸ் படத்தை 1994 யூன் 27 திகதியிட்ட இரு வார இதழ்கள் முகப்பாக்கின. 'நியூஸ்வீக்' அதனை உள்ளவாறே வெளியிட்டது. 'டைம்' ஓவியர் ஒருவரைக்கொண்டு அம்முகத்தைக் கருமையாக்கி வெளியிட்டது. இரண்டும் ஒரே கடையில் அருகருகே நின்றமையால் வேறுபாடு யாவர்க்கும் புலப்பட்டது. கறுப்பினத்தாரைக் குற்றத்தோடு இணைத்துக் காட்டும் பழைய ஓரவஞ்சனைக்கு அம்முகப்பு துணைபோயிற்று என எழுந்த கண்டனத்துக்கு அடுத்த இதழிலே ஆசிரியர் விளக்கமளிக்க நேர்ந்தது. நீதிமன்றம் விசாரிக்குமுன் நிறம் தீர்ப்பளித்தல் ஆகாது. 1995 ஒக்ரோபரில் யூரிமார் அவரைக் குற்றவாளியல்லர் என்றனர்.

இரண்டாவது, சொல்லவேண்டியதைச் சொல்லாமை. 1985 யூனில் ஸ்டீவ் மக்கரி எடுத்த ஆப்கானிய அகதிச் சிறுமியின் ஒளிப்படம் 'நஷனல் ஜியோகிரபிக்' முகப்பாகி உலகெங்கும் பரவிற்று. அவள் கண்களை அறியாதார் இலர். பெயரை அறிந்தாரும் இலர். 2002-இலேதான் அவர் இன்னார் என்று கண்டறியப்பட்டது. ஒரு முகத்தை எடுத்துக்கொண்டு பெயரை விட்டுவிடுதல் நேர்விளிப்பின் குறையாகும். அது நம்மை நோக்கும், நாம் அதனை அழைத்தல் இயலாது. 1946 ஓகஸ்ட் 31-இன் 'நியூயோர்க்கர்' வேறொரு வகை. கோடைப் பொழுதைக் கழிக்கும் மக்கள் நிறைந்த பூங்காவே அதன் முகப்பு. உள்ளேயோ ஹிரோசிமா பற்றி ஜோன் ஹேர்சி எழுதிய நெடுங்கட்டுரை இதழ் முழுவதையும் நிரப்பியிருந்தது. அட்டைத் தலைப்பிடும் வழக்கம் அவ்விதழுக்கில்லை. கடைகளில் விற்ற பிரதிகளுக்கு வெண்டாள் நாடாவொன்றைச் சுற்றி வாசகரை எச்சரித்தனர். முகப்பு கூறாததை நாடா கூறவேண்டியதாயிற்று.

மூன்றாவது, உண்மையைச் சொல்லும் முகப்பினை அதிகாரம் ஒறுத்தல். இதற்குச் சான்று தமிழிலேயே உண்டு. நகைச்சுவைத் துணுக்கொன்றை அட்டைப்படமாக வெளியிடுதல் 'ஆனந்த விகடன்' இதழின் நெடுநாள் மரபு. 1987 மார்ச்சு இறுதியில் வந்த இதழின் அட்டையில், மேடையில் இருப்போருள் சட்டமன்ற உறுப்பினர் யார், அமைச்சர் யார் என வினவுவதற்கு விடையாக, ஒருவரைப் பைக்கள்வனோடும் மற்றவரை முகமூடிக் கொள்ளைக்காரனோடும் ஒப்பிட்ட நகைச்சுவை இடம்பெற்றது. உரிமை மீறல் எனக்கொண்டு தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அவ்வாண்டு ஏப்பிரிலில் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு எழவே சில நாட்களுள் அவர் விடுவிக்கப்பட்டார். அவர் தொடுத்த வழக்கிலே 1994-இல் சென்னை உயர் நீதிமன்றம் அடையாளமாக 1000 ரூபா இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. உள்ளே நூறு பக்கம் இருக்க, ஆசிரியரைச் சிறைக்கு அனுப்பியது அட்டை ஒன்றே. படியாதாரும் காண்பது அட்டை என்பதை ஆட்சியாளர் நம்மினும் நன்கறிவர்.

கல்லூரி மலரின் முகப்பு

மேற்கூறியவை நம் கல்லூரி மலர்களுக்கு எவ்வாறு பொருந்தும்? மலர் கடையில் விற்பதன்று. ஆதலின் அதற்கு வான்வரியும் குமிழும் இடது மூன்றிலொன்றும் வேண்டா. அதனை எடுப்போர் மாணவர், ஆசிரியர், பழைய மாணவர், அவர்களை அழைக்கவேண்டுவதில்லை. ஆயின் அடையாளங் கூறும் கடமை மிகப் பெரிது. ஏனெனில் மலர் ஐம்பதாண்டின் பின்னர் எடுத்துப் பார்க்கப்படுவது. பெயர், ஆண்டு, கல்லூரியின் இலச்சினை என்னும் மூன்றும் தெளிவாயிருத்தல் போதும். ஆண்டை அழகுக்காகத் தொட்டும் தொடாமலும் பொறிப்பின் வருங்கால ஆய்வாளர் இடர்ப்படுவர்.

ஈழத்து இலக்கிய உலகிலே இதற்கு நல்லதோர் முன்மாதிரி உண்டு. டொமினிக் ஜீவா 1966-இல் யாழ்ப்பாணத்திலே தொடங்கிய 'மல்லிகை', எழுத்தாளரும் கலைஞரும் அறிஞருமாகிய பலரின் உருவங்களைத் தன் அட்டையிலே தாங்கி, அவர்களைப் பற்றிய கட்டுரையை உள்ளே வெளியிட்டது. முகம் முகப்பில், பெயரும் பணியும் உள்ளே. வாக்குறுதியும் நிறைவேற்றமும் அங்கே ஒன்றாயின. ஆடம்பரமான அச்சு வசதி இல்லாத காலத்தும் அவ்வட்டைகள் ஒரு தலைமுறையின் இலக்கிய வரலாற்றுக்கு ஆவணமாயின.

மலர்க்குழுவினர் மனங்கொள்ளவேண்டிய இன்னொன்றுண்டு. நூலகங்களிலே பல ஆண்டு இதழ்களை ஒன்றாகக் கட்டுவிக்கும்போது அட்டைகளைக் கழற்றி நீக்கும் வழக்கம் பலவிடத்தும் இருந்தது. அட்டையிலே மட்டும் எழுதப்பட்ட ஆண்டும், அட்டையை வரைந்த மாணவன் பெயரும் அங்ஙனம் கழிந்தபின் மீள்வதில்லை. எனவே அட்டை விளக்கத்தையும் ஓவியரின் பெயரையும் ஆண்டையும் உட்பக்கத்திலும் அச்சிடுதல் கடமையாகும். படத்தில் இருப்போரின் பெயர்களையும் இடமிருந்து வலமாக எழுதிவைத்தல் வேண்டும்.

அகத்தின் அழகு முகத்திலே தெரியும் என்பது பழமொழி. மனிதர் முகம் அகத்தைத் தானே காட்டும். சஞ்சிகையின் முகத்தையோ நாம் வரைந்து வைக்கின்றோம். வரைபவர் உள்ளே உள்ளதையே வரைதலும், பார்ப்பவர் இது எதனைக் கூறுகின்றது, எதனைக் கூறாது விடுகின்றது, எதனை மாற்றிக் கூறுகின்றது என்னும் மூன்று வினாக்களை வினவிய பின்னரே உள்ளே புகுதலும் கற்றார்க்குரிய முறையாம். இம்முறையை மாணவர் இளமையிலேயே பழகுவாராயின், சஞ்சிகையின் முகப்பு மட்டுமன்று, தம் கைத்திரையிலே நாடோறும் தோன்றி மறையும் ஆயிரம் முகப்புகளும் அவர்களை எளிதில் ஏமாற்றா.